எந்த சாஃப்ட்வேர் என்று கேட்டிருந்தாய்

அன்புள்ள நண்பா,

நலம். நீயும் வீட்டில் எல்லோரும் நலந்தானே? உன் கடிதம் கிடைத்தது. இரண்டாவது கிடங்கு திறந்துவிட்டாய் என்று படித்ததும் மனம் நிறைந்தது. மகள் கணக்கியல் படிப்பை முடித்துவிட்டு உன்னோடு வியாபாரத்தைப் பார்க்க வந்துவிட்டாள் என்று எழுதியிருந்தாயே, அது அதைவிடப் பெரிய செய்தி. இந்தக் கடிதத்தை அவளுக்கும் படிக்கக் கொடு. இதில் சொல்லப்போகிற வேலையில் பாதி அவள் தலையில்தான் விழும்.

உன் போல்ட், நட் வியாபாரத்தின் இருப்பு, பில், கணக்கு எல்லாவற்றையும் பார்க்கும் சாஃப்ட்வேரை மூன்று நிறுவனத்தார் வந்து காட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள், எதை எடுக்கலாம் என்று கேட்டிருக்கிறாய். மூன்றில் எதை எடுத்தாலும் நன்றாக ஓடலாம், எதை எடுத்தாலும் ஆறு மாதத்தில் படுத்துவிடலாம். அதை முடிவு செய்வது அவர்கள் திரையில் காட்டிய வண்ணப்படங்கள் இல்லை. உன் கிடங்கு வாசலில் சரக்கு இறங்கும்போது யார், எதை, எப்போது பதிகிறார்கள் என்பதுதான்.

வியாபாரத்தில் தகவல் தொழில்நுட்பத்துக்கு என்ன வேலை என்று கேட்டால் நான் ஒன்றைத்தான் சொல்வேன். ஒரு காரியம் நடந்தால் அது நடந்த இடத்திலேயே, நடந்த நேரத்திலேயே, அதைச் செய்த ஆளாலேயே, ஒரே ஒரு தடவை பதியப்பட வேண்டும். அந்த ஒரு பதிவை வைத்துத்தான் விற்பனை, கொள்முதல், கணக்கு எல்லாமே நடக்க வேண்டும். வேகம், அறிக்கை, கைபேசியில் இருப்பு பார்ப்பது எல்லாம் இதற்குப் பிறகு தானாக வருகிறவை. இது இல்லாமல் அவற்றை மட்டும் காசு கொடுத்து வாங்க முடியாது.

இதற்கு எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம் ஃபோர்டு நிறுவனத்தில் 1980களில் நடந்தது. சப்ளையர்களுக்குப் பணம் கொடுக்கும் பிரிவில் மட்டும் அங்கே 500 பேருக்கு மேல் இருந்தார்கள். கம்ப்யூட்டர் போட்டு அதை 400 ஆக்கலாம் என்பது முதலில் போட்ட திட்டம். அதே வேலையை மஸ்தாவில் 5 பேர் பார்ப்பது தெரியவந்தது. மஸ்தா சின்ன நிறுவனம்தான், ஆனாலும் அளவு வித்தியாசத்தைக் கழித்துப் பார்த்தாலும் 500 எங்கே, 5 எங்கே? அந்த 500 பேரும் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று பார்த்தால், கொள்முதல் ஆர்டர், சரக்கு வந்த சீட்டு, சப்ளையர் பில் என்று மூன்று காகிதங்களை 14 விவரங்களில் ஒப்பிட்டு, ஒத்துப்போகாததைத் துரத்துவதில்தான் பெரும்பாலான நேரம் போயிருக்கிறது. அவர்கள் முறையையே மாற்றினார்கள். ஆர்டர் போடும்போதே அது பொதுவான டேட்டாபேஸில் ஏறும். சரக்கு வந்து இறங்கும்போது அங்கே நிற்கிறவர் திரையில் பார்ப்பார். ஆர்டரோடு பொருந்தினால் ஏற்றுக்கொண்டு பதிவார், பொருந்தாவிட்டால் வண்டியைத் திருப்பி அனுப்புவார். பில்லுக்காகக் காத்திருக்காமல் பணம் போகும். ஒப்பிட வேண்டியவை பாகத்தின் எண், அளவு அலகு, சப்ளையர் எண் என்று மூன்றாகக் குறைந்தன. ஆட்களின் எண்ணிக்கை நான்கில் ஒரு பங்கானது. பழைய முறையை அப்படியே கம்ப்யூட்டரில் ஏற்றியிருந்தால் தப்புகளை இன்னும் வேகமாகத் துரத்தியிருப்பார்கள், அவ்வளவுதான்.

இன்னும் பின்னால் போனாலும் இதேதான். வியாபார வேலைக்கென்று முதன்முதலில் ஓடிய கம்ப்யூட்டர் லியோ. இங்கிலாந்தில் தேநீர்க் கடைகள் நடத்திய லயன்ஸ் நிறுவனம் அதைத் தானே கட்டி, 1951 நவம்பரில் தன் பேக்கரி உற்பத்தியின் மதிப்பீட்டுக் கணக்கை அதில் ஓட்டியது. ஒரு தேநீர்க் கடை நிறுவனத்தால் எப்படி முடிந்தது என்றால், கம்ப்யூட்டர் என்ற எண்ணமே வருவதற்கு முன்பிருந்தே தங்கள் அலுவலக வேலைமுறைகளை ஆராய்ந்து சீர்செய்யத் தனிப் பிரிவு வைத்திருந்தார்கள். இயந்திரம் வந்தபோது அதற்கு என்ன கொடுக்க வேண்டும் என்பது அவர்களுக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். நீ விற்பது போல்ட், நட், வாஷர். இந்தச் சரக்கில் எல்லாச் சிக்கலும் பொருள் பட்டியலில்தான் பிறக்கும். அதை ஐட்டம் மாஸ்டர் என்பார்கள். ஒரே பொருளை ஒருவர் 'எம்8 போல்ட் 40' என்றும், இன்னொருவர் 'போல்ட் 8க்கு 40' என்றும், மூன்றாமவர் '8 எம்எம் போல்ட் நீளம்' என்றும் ஏற்றியிருப்பார்கள். கம்ப்யூட்டருக்கு இவை மூன்று தனித்தனிப் பொருள்கள். முதல் பெயரில் இருப்பு பூஜ்யம் என்று காட்டி ஆர்டர் போடச் சொல்லும், இரண்டாவது பெயரில் 600 தூங்கிக்கொண்டிருக்கும். பெயர் எழுதும் வரிசையை முதலில் முடிவு செய்யுங்கள்: பொருள், தலை வகை, விட்டம், நீளம், உலோகம், பூச்சு. 'போல்ட், அறுகோணத் தலை, எம்8, 40 மி.மீ., எஃகு, துத்தநாகப் பூச்சு' என்று எல்லாவற்றையும் இதே வரிசையில் எழுதினால், அகர வரிசையில் அடுக்கியதுமே இரட்டைப் பதிவுகள் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கும். இந்த வேலையை சாஃப்ட்வேர்க்காரரிடம் விடாதே. எது எதோடு ஒன்று என்பது உன் கிடங்கில் பல வருஷம் சரக்கைத் தொட்டு எடுத்தவருக்குத்தான் தெரியும். மகளை அவர் பக்கத்தில் உட்கார வைத்து எழுதச் சொல்.

கோட் எண்ணுக்குள் அர்த்தத்தைத் திணிக்கக் கூடாது. முதல் எழுத்து வகை, அடுத்த இரண்டு விட்டம், அடுத்தது பூச்சு என்று அமைத்தால் ஆரம்பத்தில் அழகாகத்தான் இருக்கும். பூச்சு வகை ஒன்பதைத் தாண்டும் நாளில் இடம் போதாமல், யாராவது ஒரு விதிவிலக்கு கொண்டுவருவார்கள். அதோடு அந்த முறை உடைந்துவிடும். எண் வெறும் எண்ணாக இருக்கட்டும். விட்டம், நீளம், பூச்சு எல்லாம் தனித்தனிக் கட்டங்களில் இருக்கட்டும். ஒரு பொருளை விற்பதை நிறுத்திவிட்டாலும் அதன் எண்ணை இன்னொன்றுக்குக் கொடுக்காதீர்கள், பழைய விற்பனை விவரம் புதுப் பொருளின் மேல் ஏறிவிடும். கையால் தட்டச்சு செய்யும் எண்ணாக இருந்தால் கடைசியில் ஒரு சரிபார்ப்பு இலக்கம், அதாவது மற்ற இலக்கங்களிலிருந்து கணக்கிட்டு வரும் ஓர் இலக்கம், சேர்க்கச் சொல். 13 இலக்க பார்கோடில் கடைசி இலக்கம் அதற்குத்தான் இருக்கிறது. ஏதாவது ஓர் இலக்கம் தவறினால் அது கட்டாயம் பிடித்துவிடும். பக்கத்து இலக்கங்கள் இரண்டு இடம் மாறினாலும், அவற்றின் வித்தியாசம் 5 ஆக இருந்தாலொழியப் பிடித்துவிடும்.

இதையெல்லாம்விடப் பெரிய ஆபத்து அளவு அலகு. நீ கிலோவில் வாங்குகிறாய், பெட்டியில் அடுக்குகிறாய், எண்ணிக்கையில் விற்கிறாய். மூன்றும் ஒரே பொருளின் மூன்று முகம். அடிப்படை அலகு என்று ஒன்றைத்தான் வைக்க முடியும், அது விற்கும் அலகில் மிகச் சிறியதாக, அதாவது எண்ணிக்கையாக இருக்கட்டும். பெட்டிக்கு 100 என்றால் அந்த மாற்றுவிகிதம் பொருள் பட்டியலில் ஒரு தடவை ஏறினால் போதும். கிலோ அப்படியில்லை. கிலோவுக்கு எத்தனை என்பது தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர், சில சமயம் லாட்டுக்கு லாட் கொஞ்சம் மாறும். ஆகவே கிலோவில் வரும் சரக்குக்கு ஒவ்வொரு வரவிலும் 50 எண்ணி எடுத்து எடை போட்டு, அதிலிருந்து மொத்த எண்ணிக்கையைக் கணக்கிட்டுப் பதிவது வாசலிலேயே நடக்க வேண்டும். நிலையான ஒரு விகிதத்தை ஏற்றிவிட்டு இருந்தால் வருஷக் கடைசியில் எண்ணும்போது எங்கே குறைந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

அலகு தவறினால் என்ன ஆகும் என்று ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். 10 பெட்டி வந்து இறங்குகிறது, அதாவது 1,000 போல்ட். பதிகிறவர் 1,000 என்று சரியாகத்தான் அடிக்கிறார், ஆனால் அலகுக் கட்டத்தில் 'பெட்டி' என்றே இருக்கிறது. இருப்பு 1,00,000 ஆகிவிட்டது. உடனே யாருக்கும் ஒன்றும் தெரியாது. ஆர்டர் போட வேண்டிய நேரம் வரும்போது அந்தப் பொருள் பட்டியலிலேயே வராது. சரக்கின் மதிப்பை பில் தொகையிலிருந்து எடுக்கும் சாஃப்ட்வேராக இருந்தால், இந்த வரவில் ஒரு போல்ட்டின் அடக்க விலை நூறில் ஒரு பங்காகிவிடும், அதை விற்கும்போது லாபம் அமோகமாகத் தெரியும். ஆர்டர் விலையிலிருந்து எடுப்பதாக இருந்தால் 990 பெட்டிக்கு 'சரக்கு வந்தது, பில் வரவில்லை' என்ற கணக்கில் ஒரு பெரிய தொகை தொங்கும். அந்தக் கணக்கை வாரம் ஒரு தடவை திறந்து பார்க்கிறவர் இருந்தால் தப்பு அந்த வாரமே பிடிபடும். மகளிடம் சொல், வேறு எந்த அறிக்கையைப் பார்க்காவிட்டாலும் இதைத் தவறவிடக் கூடாது. ஆர்டருக்கு மேல் 5 சதவீதத்துக்கு அதிகமாக வரவு பதிய முயன்றால் சாஃப்ட்வேர் தடுக்க வேண்டும் என்ற அமைப்பையும் முதல் நாளே போடச் சொல்.

நேர்மாறான தப்பு 10 பெட்டியை 10 எண்ணிக்கை என்று பதிவது. பதினோராவது போல்ட்டை விற்கும்போது இருப்பு இல்லை என்று பில் நின்றுவிடும். எதிரே வாடிக்கையாளர் நிற்பார். அப்போது யாராவது 'இருப்பு மைனஸில் போனாலும் பில் போடலாம்' என்ற அனுமதியைத் திறந்துவிடுவார்கள். அன்றோடு இருப்புக் கணக்கு போயிற்று. மைனஸ் இருப்பு என்பது யாரோ ஒருவர் ஒரு வரவைப் பதியவில்லை அல்லது தப்பாகப் பதிந்தார் என்பதற்கான அறிகுறி. அதை மறைக்காமல் அன்று மாலைக்குள் காரணம் கண்டுபிடிக்க வேண்டும்.

நேரத்தைப் பற்றியும் இதே கண்டிப்பு வேண்டும். சரக்கு திங்கட்கிழமை வந்து, சீட்டு ஆணியில் குத்திக் கிடந்து, வியாழக்கிழமை பதியப்பட்டால் மூன்று நாள் விற்பனைக்காரர் 'இல்லை' என்று சொல்லியிருப்பார். அதோடு முடியவில்லை. இருப்பு எவ்வளவுக்கு இறங்கினால் மறுபடி ஆர்டர் போட வேண்டும் என்ற மறு ஆர்டர் அளவு இப்படி வருகிறது: ஒரு நாளைய சராசரி விற்பனை 40, சரக்கு வந்துசேர 12 நாள் என்றால் 480, அதோடு பாதுகாப்பு இருப்பு 150 சேர்த்து 630. இந்த 12 எங்கிருந்து வர வேண்டும்? சப்ளையர் வாயால் சொன்னதிலிருந்து அல்ல, ஆர்டர் தேதிக்கும் வரவு தேதிக்கும் உள்ள உண்மையான இடைவெளியிலிருந்து. பதிவு மூன்று நாள் தள்ளினால் 12 நாள் 15 ஆகத் தெரியும், 120 போல்ட் காரணமில்லாமல் கிடங்கில் உட்காரும். உன் பட்டியலில் எத்தனை பொருள் இருக்கிறதோ அத்தனைக்கும் இப்படிப் பணம் முடங்கும். இன்னொன்று, 630ஐக் கையிருப்போடு மட்டும் ஒப்பிடக் கூடாது. கையிருப்போடு வழியில் இருக்கும் ஆர்டரைக் கூட்டி, வாடிக்கையாளருக்கு ஒப்புக்கொண்டதைக் கழித்துத்தான் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் ஆர்டர் போட்ட மறுநாளும், அதற்கு மறுநாளும் அதே பொருளுக்கு மறுபடி ஆர்டர் போடச் சொல்லும். சாஃப்ட்வேர் காட்ட வருகிறவர்களிடம் இதைச் செய்துகாட்டச் சொல். யார் தடுமாறுகிறார்கள் என்று பார்.

வருஷத்துக்கு ஒரு தடவை கடையை மூடி எல்லாவற்றையும் எண்ணும் பழக்கத்தை மெல்ல விட்டுவிடலாம். ஆண்டு விற்பனை மதிப்பின்படி பொருள்களை வரிசைப்படுத்து. பெரும்பாலும் ஐந்தில் ஒரு பங்கு பொருள்களே மதிப்பில் பெரும்பகுதியைப் பிடித்துக்கொள்ளும். அவற்றை மாதம் ஒரு தடவை, நடுவில் உள்ளவற்றை மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, மற்றதை வருஷத்துக்கு ஒரு தடவை என்று தினமும் கொஞ்சம் கொஞ்சமாக எண்ணலாம். எண்ணுகிற தாளில் கம்ப்யூட்டர் காட்டும் இருப்பை அச்சிடக் கூடாது. அச்சிட்டால் எண்ணாமலே அதே எண் திரும்பி வரும். வித்தியாசம் வந்தால் எண்ணைத் திருத்திவிட்டுப் போகாமல் காரணத்தையும் எழுத வேண்டும். அலகுத் தப்பா, இடம் மாறிய பெட்டியா, பதியாத வரவா? ஒரு மாதக் காரணங்களைச் சேர்த்துப் பார்த்தாலே எந்த இடத்தில் ஓட்டை என்று தெரிந்துவிடும்.

எக்செல் பற்றிக் கேட்டிருந்தாய். கணக்குப் போட்டுப் பார்க்க அதைப்போல ஒரு கருவி இல்லை. மூலப்பதிவாக வைத்தால்தான் ஆபத்து. பூஜ்யத்தில் தொடங்கும் கோட் எண்ணின் முதல் பூஜ்யத்தை விழுங்கிவிடும். 15 இலக்கத்துக்கு மேல் உள்ள எண்ணின் கடைசி இலக்கங்களைப் பூஜ்யமாக்கிவிடும். '3-4' என்று அளவு அடித்தால் தேதியாக்கிவிடும். 2020 செப்டம்பர், அக்டோபரில் இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறையில் 15,841 கொரோனா தொற்று முடிவுகள் அன்றாடக் கணக்கில் சேராமல் விடுபட்டன. பழைய எக்செல் கோப்பில் 65,536 வரிசைக்கு மேல் இடமில்லை என்பதுதான் காரணம். ஆனால் எக்செல் வைக்கக் கூடாது என்று ஊழியர்களுக்குத் தடை போடாதே. தனியாக ஒரு ஷீட் வைத்திருக்கிறார் என்றால் அவருக்கு வேண்டிய ஏதோ ஒரு விவரம் சாஃப்ட்வேரில் இல்லை என்று அர்த்தம். அது என்ன என்று கேட்டு அதை உள்ளே கொண்டுவந்தால் ஷீட் தானாக நின்றுவிடும்.

பழையதிலிருந்து புதியதற்கு மாறும் நாளை நிதானமாகத் தேர்ந்தெடு. ஹெர்ஷி சாக்லேட் நிறுவனம் நான்கு வருஷம் என்று சொல்லப்பட்ட வேலையை 30 மாதத்தில் முடிக்கப் பார்த்தது. மூன்று பெரிய சாஃப்ட்வேர்களை ஒரே நேரத்தில் 1999 ஜூலையில் ஓடவிட்டது. ஹாலோவீன், கிறிஸ்துமஸ் ஆர்டர்கள் குவியத் தொடங்கும் காலம் அது. கிடங்கில் சரக்கு இருந்தும் சுமார் 10 கோடி டாலர் ஆர்டர்களை அனுப்ப முடியவில்லை. நீ வியாபாரம் மந்தமான மாதத்தில், மாதத்தின் முதல் தேதியில் மாறு. அதற்கு முன் இரண்டு தடவையாவது ஒத்திகை வேண்டும்: பழைய விவரங்களை முழுதாக ஏற்றி, பேரேட்டு இருப்புகளின் மொத்தம் கடைசிக் காசு வரை ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். வாடிக்கையாளர் பாக்கியை ஒரே மொத்தத் தொகையாக ஏற்ற ஒப்புக்கொள்ளாதே, பில் பில்லாக ஏற்றச் சொல். மொத்தமாக ஏற்றினால் எந்த பில் எத்தனை நாளாக நிற்கிறது என்பது அழிந்துவிடும், வசூல் அதோடு தளர்ந்துவிடும். பழையதையும் புதியதையும் சேர்த்து ஓட்டுவதாக இருந்தால் ஒரு மாதம் போதும். அதற்குமேல் போனால் ஆட்கள் களைத்துப்போய் இரண்டிலும் தப்பு விடுவார்கள்.

பாதுகாப்பில் ஒன்றைத்தான் அழுத்திச் சொல்வேன். இரண்டு கிடங்கிலும் விவரம் ஒரே நேரத்தில் பதிகிறது, அதனால் பேக்கப் வேண்டாம் என்று ஒரு விற்பனைப் பிரதிநிதி சொன்னதாக எழுதியிருக்கிறாயே, அது தவறு. ஒரு இடத்தில் அழிந்தால் அந்த அழிவும் அடுத்த இடத்துக்கு அப்படியே போகும். 2017 ஜூனில் நாட்பெட்யா என்ற கம்ப்யூட்டர் வைரஸ் தாக்கியபோது மேர்ஸ்க் கப்பல் நிறுவனத்துக்கு நடந்தது அதுதான். ஒன்றையொன்று பார்த்து நகலெடுத்துக்கொண்டிருந்த முக்கிய சர்வர்கள் எல்லாமே போயின. கானாவில் மின்சாரம் இல்லாமல் அணைந்திருந்த ஒன்று மட்டும் தப்பியது. அதிலிருந்து தொடங்கி 4,000 சர்வர்களையும் 45,000 கம்ப்யூட்டர்களையும் பத்து நாளில் மறுபடி நிறுவினார்கள். ஆகவே மூன்று பிரதி, இரண்டு வகைச் சேமிப்புக் கருவி, ஒன்று வெளியிடத்தில், அதிலும் ஒன்றாவது நெட்வொர்க்கோடு இணையாமல் இருக்கட்டும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பேக்கப்பை வேறொரு கம்ப்யூட்டரில் மீட்டெடுத்து நேற்றைய விற்பனை மொத்தம் சரியாக வருகிறதா என்று பார்க்க வேண்டும். மீட்டுப் பார்க்காத பேக்கப்பை நம்பி நான் ஒரு நாளும் தூங்க மாட்டேன்.

ஆளுக்கொரு பாஸ்வேர்டு, வேலையை விட்டுப் போனவரின் பாஸ்வேர்டு அன்றே முடக்கம், சப்ளையரின் வங்கிக் கணக்கு எண்ணை மாற்றுகிறவரும் பணம் அனுப்புகிறவரும் வேறு வேறு ஆள். வங்கிக் கணக்கு மாறிவிட்டது என்று மின்னஞ்சல் வந்தால், அந்த மின்னஞ்சலில் உள்ள எண்ணை விட்டுவிட்டு, உங்களிடம் முன்பிருந்தே இருக்கும் எண்ணில் கூப்பிட்டுக் கேட்க வேண்டும்.

இனி உன் மூன்று நிறுவனங்கள். காட்சி காட்ட அவர்கள் கொண்டுவரும் மாதிரிச் சரக்கை ஒதுக்கிவை. உன் சரக்கில் மிகவும் தொல்லை கொடுக்கும் 50 பொருளைக் கொடுத்து, கிலோவில் வரவு, பெட்டியில் கிடங்கு மாற்றம், எண்ணிக்கையில் விற்பனை, பாதி சரக்குத் திரும்பி வருவது, இந்த நான்கையும் உன் ஆள் கையால் செய்யவிடு. உன் விவரம் முழுவதையும் எப்போது கேட்டாலும் சாதாரணக் கோப்பாக எடுத்துக்கொள்ளலாம் என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்கு. கையெழுத்துக்கு முன்னாலேயே ஒரு தடவை எடுத்தும் பார். 99.9 சதவீதம் இயங்கும் என்று அவர்கள் எழுதினால் வருஷத்துக்கு எட்டே முக்கால் மணி நேரம் நிற்கலாம் என்று பொருள், 99.5 என்றால் கிட்டத்தட்ட 44 மணி நேரம். அந்த மணி நேரங்கள் வேலை நேரத்தில் வந்தால் பில் எப்படிப் போடுவது என்று கேள். உனக்கென்று தனியாக மாற்றி எழுதித் தருகிறோம் என்று தாராளமாகச் சொல்கிறவரிடம் எச்சரிக்கையாக இரு. அடுத்த பதிப்பு வரும்போது அந்த மாற்றங்களை மறுபடி எழுதும் செலவு யாருடையது என்பதைக் கேட்டால் தாராளம் குறையும்.

முதலில் பொருள் பட்டியலை எடுத்து, நான் சொன்ன வரிசையில் ஒரு நூறு வரி எழுதி அனுப்பச் சொல் மகளை. பூச்சும், நான் வரிசையில் சேர்க்காத தர எண்ணும் (போல்ட்டின் வலிமையைக் குறிப்பது) எங்கே வருகின்றன என்று பார்த்து, குறித்து அனுப்புகிறேன். அது முடியும்வரை மூவரில் யாருக்கும் முன்பணம் கொடுக்காதே.

உடம்பைப் பார்த்துக்கொள். மறுகடிதத்தில் புதுக் கிடங்கில் எத்தனை வாசல், சரக்கு எந்த வழியாக இறங்குகிறது என்று எழுது.

அன்புடன்,
உன் நண்பன்